மணிக்கூண்டு கேட்காத பள்ளிக்கூடம்

ஜெர்மனியில் இருக்கும் எங்கள் கால்டன்ரீட்டின் கத்தோலிக்கப் பங்கு மண்டபத்தில் ஐந்து கழிப்பறைகள் இருக்கின்றன. ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு இரண்டு, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஒன்று. எங்கள் ஊரில் சக்கர நாற்காலியில் இருப்பவர் பழைய தபால்காரர் ஒருவர்தான். அவருக்கும் கோயிலுக்கும் இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் ஐந்தாவது கழிப்பறையில் புர்கல் தன் வாளியையும் துடைப்பத்தையும் வைத்திருந்தாள். ஓய்வு நேரத்தில் அங்கேயே உட்கார்ந்து சிகரெட் பிடித்தாள்.

அவளுடைய முழுப் பெயர் நோட்புர்கா ஹாஸ்ல்பெக். வேலைக்காரிகளைக் காக்கும் புனிதையின் பெயர் அது. பெயர் வைத்த அன்றே அவளுடைய அம்மாவுக்கு மகளின் எதிர்காலம் தெரிந்திருக்கிறது. பதினைந்து வயதில் மர ஆலைச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே மரம் அறுத்த கொன்ராடைக் கட்டிக்கொண்டாள். கொன்ராட் முதலில் இரண்டு விரல்களை ரம்பத்துக்குக் கொடுத்தான். பிறகு ஒரு நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. அந்த வருடம்தான் அவள் மண்டபத்தைச் சுத்தம் செய்யும் வேலைக்கு வந்தாள். நான் சொல்லப்போகும் விஷயம் நடந்தபோது அந்த வேலையில் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

நல்ல குணவதி என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள். பாடகர் குழு ஒத்திகைக்கு வரும் நாளில் வேண்டுமென்றே கணப்பைக் குறைத்து வைப்பாள். குளிரில் பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்புவார்கள். "பூசையில பார்த்தா ஊர்ல பாதிதான் தெரியும். கூட்டம் முடிஞ்சதும் கக்கூஸைப் போய்ப் பாரு, மீதியும் தெரிஞ்சிடும்" என்பாள். யார் கை கழுவாமல் போகிறார்கள், யார் தாளைத் திருடிப் பையில் போடுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் மண்டபச் சமையலறையில் கோப்பை கழுவும் வேலைக்குப் போவேன். அவள் சொல்லித்தான் எனக்கும் தெரியும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பித்தளைத் தகடு என்றால் உயிர். கோயிலில் ஒவ்வொரு பெஞ்சிலும் கொடுத்தவர் பெயர் பொறித்த தகடு உண்டு. மெழுகுவர்த்தித் தண்டில் உண்டு. மண்டபத்துக் காப்பி இயந்திரத்தில்கூட, அதை வாங்கிக் கொடுத்த துப்பாக்கிக் குறிசுடுவோர் சங்கத்தின் பெயர் மின்னும். கழிப்பறைகள் இருக்கும் நடையை மூடும் கனத்த ஓக் கதவு தீயணைப்புப் படை கொடுத்தது. அதன் தகட்டை வருடத்துக்கு ஒருமுறை அவர்களே வந்து பளபளப்பாக்கிவிட்டுப் போவார்கள். கொடுப்பதில் தப்பில்லை. கொடுத்தது தெரியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் எங்களைத் தூங்கவிடாது.

மலாவி நாட்டில் பள்ளிக்கூடம் கட்டும் யோசனையும் இரக்கத்தில் பிறந்ததென்று சொல்ல முடியாது. பக்கத்து ஊரான எர்ல்பாக் பங்குக்காரர்கள் ஆப்பிரிக்காவில் ஒரு கிணறு வெட்டினார்கள். பத்திரிகையில் படம் வந்தது. எர்ல்பாக் சாமியார் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது போலவும் கறுப்புப் பிள்ளைகள் கை தட்டுவது போலவும் படம். அந்த வாரமே எங்கள் பங்குப் பேரவைத் தலைவர் அல்ஃபோன்ஸ் ஹிர்லிங்கர் அவசரக் கூட்டம் போட்டார். ஹிர்லிங்கர் முப்பது வருடம் எங்கள் வங்கிக் கிளைக்கு மேனேஜராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரே அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிட்டது.

"அவங்க கிணறுன்னா நாம பள்ளிக்கூடம்" என்றார். தீர்மானம் நிறைவேறியது.

கேக் விற்றோம், சூப் விற்றோம், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்து விற்றோம். ஆறு வருடத்தில் கபிரிந்தி என்ற ஊரில் நான்கு வகுப்பறைகள் எழுந்தன. ஒவ்வொரு அறை வாசலிலும் தகடு. ஒன்று தீயணைப்புப் படை, ஒன்று குறிசுடுவோர் சங்கம், ஒன்று மாதர் சங்கம், ஒன்று ஹிர்லிங்கர் குடும்பம். தகடுகளை இங்கேயே செய்து விமானத்தில் அனுப்பினோம். அங்கே பித்தளை மங்கிவிடுமோ என்று கவலைப்பட்டு, துலக்கும் பொடியும் ஆறு டப்பா அனுப்பினோம்.

அந்த வருடம் ஜூன் கடைசியில் கபிரிந்தி பள்ளியின் தலைமை ஆசிரியை சிஸ்டர் அனன்சியாட்டா எங்கள் ஊருக்கு வந்தார். ஒரு மாதம் தங்கி, பாதுகாவலர் சந்தியாகப்பர் திருநாளில் எல்லாரிடமும் நன்றி சொல்லிவிட்டுப் போவதாக ஏற்பாடு. இளவயதில் எங்கள் பக்கத்து மடம் ஒன்றில் இரண்டு வருடம் படித்தவர் என்பதால் எங்கள் பேச்சு அவருக்கு வரும். நிதானமாகப் பேசுவார். வந்த முதல் நாள் மண்டபத்தைச் சுற்றிக் காட்டினார்கள். எல்லாரும் தகடுகளைக் காட்டினார்கள். சிஸ்டர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். புர்கல்தான் கூட்டிப்போனாள்.

வெளியே வந்த சிஸ்டர் அந்த நடையில் நின்று கதவுகளை எண்ணினார்.

"இங்க எத்தனை பேர் குடியிருக்காங்க?"

"யாரும் குடியில்ல சிஸ்டர். இது மண்டபம்" என்றாள் புர்கல்.

"யாரும் குடியில்ல. ஆனா அஞ்சு."

"ஒண்ணுல என் வாளி இருக்கு."

சிஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, நாங்கள் கேட்காமலேயே சொன்னார். பள்ளியில் முந்நூற்று நாற்பது பிள்ளைகள். ஒரே ஒரு குழிக் கழிப்பறைதான் இருந்தது. போன மழையில் அதுவும் இடிந்து விழுந்துவிட்டது.

"அப்ப எங்க போவாங்க?" என்றாள் புர்கல்.

"ஆம்பளைப் பிள்ளைங்க மக்காச்சோளக் காட்டுக்குள்ள ஓடிடுவாங்க. பொண்ணுங்க காலையிலேருந்து தண்ணி குடிக்காம இருப்பாங்க. பன்னெண்டு பதிமூணு வயசாச்சுன்னா மாசத்துல அஞ்சு நாள் வரமாட்டாங்க. அப்புறம் பரீட்சையில தோத்துடுவாங்க. அப்புறம் வரவே மாட்டாங்க." ஸ்டூலில் இருந்தபடியே தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். முழுக்கக் கணக்கு, அழகான கையெழுத்து. "இவ பேரு சிசோமோ. எங்க பள்ளியிலயே கணக்குல முதல். மார்ச்ல நின்னுட்டா. அவ அப்பாகிட்ட, செப்டம்பர் வரைக்கும் பொறுங்க, அவளைக் கட்டிக் கொடுத்துடாதீங்க, ஜெர்மனியில நல்லவங்க இருக்காங்க, கழிப்பறைக்குக் கேட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

"நல்லவங்கன்னா எங்களையா?" என்றாள் புர்கல்.

"ஆமா."

புர்கல் அந்த நோட்டை வாங்கிப் புரட்டினாள். அவளுக்குக் கணக்கு வராது. ஆனாலும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை முதல் வாரம் பேரவை கூடியது. கட்டட நிதியில் பதினெட்டாயிரம் யூரோ இருந்தது. அதை எதற்குச் செலவழிப்பது என்பதுதான் பேச்சு. புர்கல் மேசைக்கு பீர் கொண்டுபோய் வைத்தாள், நான் உப்பு ரொட்டி வைத்தேன். மேனேஜர் எழுந்து, வகுப்பறைகள் முடிந்துவிட்டன, இனி பள்ளிக்கு ஒரு முகம் வேண்டும், அதற்கு மணிக்கூண்டு கட்டுவோம் என்றார்.

மணி எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். எங்கள் கோயிலில் மின்சார மணி வைத்தபோது இறக்கிய பழைய மணி ஒன்று தீயணைப்புக் கொட்டகையில் பதினொரு வருடமாகக் கிடக்கிறது. நூற்று நாற்பது கிலோ. மந்திரித்த மணியைக் காயலான் கடையில் போட முடியாது. தீயணைப்பு வண்டியை வெளியே எடுக்கும்போதெல்லாம் இடிக்கிறது.

"மணி இலவசம்" என்றார் மேனேஜர். "அனுப்புற செலவும் கூண்டு கட்டுற செலவும்தான்."

சிஸ்டர் கையைத் தூக்கினார். "எங்ககிட்ட மணி இருக்கு. ரயில் தண்டவாளத் துண்டு ஒண்ணை மரத்துல கட்டித் தொங்கவிட்டிருக்கோம். இரும்புக் கம்பியால அடிச்சா மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும். எங்களுக்கு வேணுங்கிறது கழிப்பறை. பொண்ணுங்களுக்கு நாலு, பையன்களுக்கு ரெண்டு."

ரொட்டிக்கடை ஓட்டிலி மாதர் சங்கத் தலைவி. அவள்தான் முதலில் தொண்டையைச் செருமினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். எங்க வெள்ளிவிழாவுக்குக் கோயில்ல கண்ணாடி ஜன்னல் வச்சோம். இதுக்குக் கொடுத்தா என் நாத்தனார்கிட்ட நான் என்னன்னு சொல்றது? கக்கூஸ் கட்டினேன்னா?"

"தகட்டை எங்க மாட்டுறதாம்?" என்றான் தீயணைப்புத் தலைவன் கோர்பினியான். "உட்கார்ற பலகையிலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜரின் மனைவி ரோஸ்வித்தாவும் பேரவையில் இருந்தாள், அவளும் சிரித்தாள். மேனேஜர் மட்டும் சிரிக்காமல், கொடையில் ஒரு கம்பீரம் இருக்க வேண்டும், கழிப்பறையை இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"ரெண்டாம் கட்டம்னா எப்ப?" என்றாள் புர்கல்.

பீர் கொண்டுவந்து வைப்பவள் பேசியதில் எல்லாரும் திரும்பினார்கள்.

"நிதி சேர்ந்ததும்."

"நிதிதான் சேர்ந்திருக்கே, மேனேஜர் சார்."

"புர்கல், அந்த மேசைக்கு இன்னும் ரெண்டு பீர் கொண்டுவா" என்றார் மேனேஜர்.

மேசைக் கோடியில் இருந்த பங்குச் சாமியாரைத் திரும்பிப் பார்த்தோம். நான்கு ஊருக்கு ஒரே சாமியார் அவர். எந்த ஊரில் எந்தச் சண்டை என்பதே அவருக்குக் குழம்பிப்போகும். தூய ஆவியானவர் வழிநடத்தட்டும் என்று சொல்லி, வாக்களிக்காமல் இருந்துகொண்டார். தூய ஆவியானவர் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று மணிக்கூண்டின் பக்கம் நின்றார். திருநாள் முடிந்த செவ்வாய்க்கிழமை மணியும் பணமும் கிளம்பும், அதே நாள் சிஸ்டரும் கிளம்புவார் என்று முடிவானது.

சமையலறைக்குத் திரும்பிய சிஸ்டர் தானாகவே ஒரு துணியை எடுத்துக் கோப்பை துடைக்க ஆரம்பித்தார்.

"வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் புர்கல். "இவங்க கொட்டகையைக் காலி பண்ண உங்க ஊர்தான் கிடைச்சுதா?"

"சொன்னா அடுத்த வருஷம் புத்தகத்துக்குப் பணம் வராது, புர்கல். கொடுக்குறவங்க மனசு கோணாம நடந்துக்கணும். நான் பதினாலு வருஷமா அதைத்தான் பண்றேன்."

"நான் பத்தொம்பது வருஷமா. என்ன கண்டேன்?"

சிஸ்டர் அடுத்த கோப்பையை எடுத்துத் துடைத்தார். அவர் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்த சிசோமோவின் கணக்கு நோட்டு மேசைமேல் இருந்தது. புர்கல் அதன்மேல் பீர் சிந்தாமல் நகர்த்தி வைத்தாள்.

சந்தியாகப்பர் திருநாள் ஜூலை கடைசி ஞாயிறு. பத்தரைக்குப் பெரிய பூசை முடிந்ததும் மண்டபத்துக்கு முன்னால் கூடாரத்தில் பீர் பீப்பாயைத் திறந்தார்கள். எங்கள் ஊரில் லிட்டர் கோப்பைக்குக் கீழே யாரும் கேட்டு வாங்குவதில்லை. வெயிலோ கொளுத்தியது. பன்றி வறுவலில் ஓட்டிலியின் கணவன் உப்பை அள்ளிப் போட்டிருந்தான். எர்ல்பாக் பங்குக்காரர்கள் இரண்டு பேருந்தில் வந்து இறங்கினார்கள். நாற்பத்து மூன்று கேக்குகள், பித்தளை வாத்தியக் குழு, முந்நூறு பேர். சாமியார் பூசை முடித்த கையோடு பக்கத்து ஊர்ப் பூசைக்குக் காரில் ஓடிவிட்டார். கழிப்பறை நடையின் ஓக் கதவுக்கு இரண்டே சாவிதான். ஒன்று அவருடைய வளையத்தில் இருந்தது.

பதினொன்றரை மணிக்குப் புர்கல் ஓக் கதவைப் பூட்டி, இன்னொரு சாவியைத் தன் மேலங்கிப் பைக்குள் போட்டாள். நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். நான் திரும்பிக் கோப்பையைக் கழுவினேன். கதவில் ஒரு அட்டையை ஒட்டி, நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அட்டையில் அவளுடைய கோணல் எழுத்தில் இப்படி இருந்தது:

*இங்கே கழிப்பறை இல்லை. எதிரே நல்ல மணிக்கூண்டு இருக்கிறது.*

முதலில் சிரித்தார்கள். திருநாள் வேடிக்கை என்று நினைத்தார்கள். எர்ல்பாக்காரர் ஒருவர் அந்த அட்டையைப் படம்கூடப் பிடித்தார். பன்னிரண்டு மணி வாக்கில் சிரிப்பு குறைந்தது.

ஆண்கள் தங்கள் பிரச்சினையை மூன்று நிமிடத்தில் தீர்த்துக்கொண்டார்கள். மண்டபத்துக்குப் பின்னால் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. வாத்தியக் குழு மொத்தமும் கொம்பு குழலை நாற்காலியில் வைத்துவிட்டு ஒரே வரிசையில் உள்ளே போய், ஒரே வரிசையில் வெளியே வந்து, அடுத்த பாட்டை வாசித்தது. பெண்கள் நின்றார்கள். திருநாள் உடுப்பு என்றால் கணுக்கால் வரை பாவாடை, அதன் உள்ளே இன்னொரு பாவாடை, மேலே பட்டு முன்துணி. அதோடு சோளக்காட்டுக்குள் போக முடியாது. போனாலும் முந்நூறு பேருக்குத் தெரிந்துவிடும். அருகில் வீடு இருந்தவர்கள் ஓடினார்கள். ஓட்டிலியின் வீட்டு வாசலில் நாற்பது பேர் வரிசை. அதில் பாதி எர்ல்பாக்காரிகள். தன் குளியலறை பார்ப்பதற்கு லாயக்கில்லை என்று ஓட்டிலி கதவைச் சாத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

"புர்கல், விளையாடினது போதும். திற."

"கழிப்பறை இல்லைம்மா. எழுதியிருக்கு பாரு."

"உள்ள அஞ்சு இருக்குடி!"

"ரெண்டாம் கட்டத்துல திறப்பாங்க."

மேனேஜர் வந்தார். முகம் வறுவல் நிறத்துக்குச் சிவந்திருந்தது. "இது மிரட்டல். சட்டப்படி குற்றம்."

"மிரட்டலா? நான் ஒண்ணும் கேக்கலையே, மேனேஜர் சார். உட்கார்ந்திருக்கேன். அவ்வளவுதான்."

"சாவியைக் கொடு."

"தேடி எடுத்துக்குங்க" என்று தன் மேலங்கியைக் காட்டினாள். அறுபத்தொரு வயதுப் பெண்பிள்ளையின் பையில், எர்ல்பாக்காரர்கள் பார்க்க, கை விட மேனேஜருக்குத் துணிவு வரவில்லை. கோர்பினியானைக் கூப்பிட்டார். கோடரியோடு தீயணைப்புக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். கோர்பினியான் கோடரியை ஓங்கினான். அவன் கண்ணுக்கு நேராகப் பித்தளைத் தகடு, கால்டன்ரீட் தீயணைப்புப் படையின் அன்பளிப்பு. கோடரியை இறக்கினான்.

"இது நம்ம கதவுய்யா" என்றான்.

"உடைடா, புதுசு வாங்கிக்கலாம்!"

"ஓக் மரம். எங்க அப்பா காலத்துல போட்டது. தகட்டுல அவரு பேரும் இருக்கு." பின்னால் நின்ற ஐந்து பேரும் தலையை ஆட்டினார்கள். "ஜன்னல் வழியா வேணும்னா போகலாம்."

ஜன்னல் கம்பி மாதர் சங்கத்தின் அன்பளிப்பு. ஓட்டிலி அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அப்புறம் கால்களைப் பின்னிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

சாமியாருக்குப் போன் போட்டார்கள். பூசையில் இருந்ததால் அணைத்து வைத்திருந்தார். இதற்குள் ஓக் கதவுக்கு முன்னால் அறுபது பெண்கள் கூடிவிட்டார்கள். யாருமே நேராக நிற்கவில்லை. சிஸ்டர் அனன்சியாட்டா கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். முகத்தை முடிந்த வரைக்கும் பணிவாக வைத்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

ரோஸ்வித்தா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். காலையிலிருந்து கேக் மேசையில் நின்றவள். ஒரு குடம் எலுமிச்சைச் சாறாவது குடித்திருப்பாள்.

"புர்கல், உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். அந்தப் பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்களுக்குத்தான் நாலு, பையன்களுக்கு ரெண்டு. சிஸ்டர் அன்னிக்கே சொன்னாங்க. நீங்க சிரிச்சீங்க."

ரோஸ்வித்தா தன் கணவரைப் பார்த்தாள். "அல்ஃபோன்ஸ், பேரவையைக் கூட்டு."

"இங்கயா? விதிப்படி ஒரு வாரம் முன்னாடி எழுத்துமூலம் அழைப்பு அனுப்பணும் ரோஸ்வித்தா. அப்பதான் செல்லும்."

"ஒரு வாரம் என்னால அடக்க முடியாது, அல்ஃபோன்ஸ்!"

கூடாரம் வரைக்கும் கேட்டது. வாத்தியக் குழு பாட்டை நிறுத்திவிட்டது. எர்ல்பாக்காரர்கள் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தார்கள்.

"மணிக்கூண்டுக்குப் பதிலா கழிப்பறை. கையைத் தூக்குங்க" என்றாள் ரோஸ்வித்தா. பேரவையில் இருந்த நான்கு பெண்களின் கையும் ஒன்றாக எழுந்தன. ஓட்டிலி இரண்டு கையையும் தூக்கினாள். கோர்பினியான் யோசித்தான்.

"மணியை அப்ப என்ன பண்றது? திரும்ப எங்க கொட்டகையிலயா?"

"கோர்பினியான்!" என்று அவன் மனைவி பின்னாலிருந்து கத்தினாள். அவன் கை தானாக மேலே போனது. ஐந்துக்கு நான்கு. எழுதுவதற்குத் தாள் இல்லாததால் பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையில் செயலாளர் தீர்மானத்தை எழுதினார். மேனேஜர் கையெழுத்துப் போடும்போது, "பெண்களுக்கு நான்கு" என்ற இடத்தில் பேனா நின்றது.

"ரெண்டு போதாதா?"

அறுபது பெண்கள் அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. போட்டுவிட்டார்.

புர்கல் அந்த அட்டையை இரண்டு பக்கமும் படித்துப் பார்த்து, சிஸ்டர் கையில் கொடுத்தாள். பிறகு எழுந்து கதவைத் திறந்தாள். "வரிசையா போங்கம்மா. அஞ்சாவதுல என் வாளி இருக்கு, தட்டி விட்டுடாதீங்க" என்றாள். யாரும் அதைக் கேட்கிற நிலையில் இல்லை.

செவ்வாய்க்கிழமை சிஸ்டர் கிளம்பினார். பணம் அவரோடு போனது, மணி கொட்டகையிலேயே இருக்கிறது. செப்டம்பரில் புர்கலுக்குப் பேரவையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பத்தொன்பது வருட உண்மையான ஊழியத்துக்கு மனமார்ந்த நன்றி, இனி சுத்தம் செய்யும் வேலையை நகரத்துக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைக்கிறோம் என்றிருந்தது. கூடவே ஒரு கூடை: தேன், தொத்திறைச்சி, பாட்டில் ஒயின். இப்போது அவள் நகரத்தில் பல் மருத்துவரிடம் வேலை செய்கிறாள். அங்கே ஒரே கழிப்பறை. சம்பளமும் கொஞ்சம் கூடுதல். அந்தக் கம்பெனிக்காரர்கள் வாரத்தில் ஒருமுறை வருகிறார்கள். மண்டபத்தில் இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கூட்டம் போடுகிறார்கள்.

கபிரிந்தியில் கழிப்பறைக் கட்டடம் அடுத்த ஜூனில் திறந்தது. மாதர் சங்கத்தின் பெயருக்குக் கீழே தன் பெயர் தனியாக வர வேண்டும் என்று ஓட்டிலி சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள். மேனேஜரும் ரோஸ்வித்தாவும் திறப்பு விழாவுக்குப் போனார்கள். பெண் குழந்தைகளின் கண்ணியம் என் வாழ்நாள் கனவு என்று மேனேஜர் அங்கே பேசியது எங்கள் பத்திரிகையில் அரைப்பக்கம் வந்தது. இப்போது பக்கத்துப் பங்குகளிலெல்லாம் அவரை அழைத்து அதைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். நன்றாகப் பேசுகிறார் என்று கேள்வி.

திரும்பி வந்த மூன்றாம் நாள் ரோஸ்வித்தா மர ஆலைத் தெருவில் இருக்கும் புர்கல் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன்னால் அந்தத் தெருவில் அவளை யாரும் பார்த்ததில்லை. புர்கலும் நானும் சீட்டாடிக்கொண்டிருந்தோம். நான் எழுந்தேன், புர்கல் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எட்டாம் வகுப்புல இப்ப பதினோரு பொண்ணுங்க இருக்காங்க, புர்கல். போன வருஷம் நாலுதான்."

"சிசோமோ?"

ரோஸ்வித்தா கைப்பையின் வாரைத் திருகினாள். "அவங்க அப்பா செப்டம்பர் வரைக்கும் பொறுத்திருக்கார். கட்டடம் எழும்பல. அக்டோபர்ல கட்டிக் கொடுத்துட்டாரு. பக்கத்து ஊருதான். நான் கேட்டுப் போய்ப் பார்த்தேன். வயித்துல பிள்ளை. நீ கணக்குல கெட்டிக்காரியாமேன்னு கேட்டேன், சிஸ்டர் அவ பாஷையில சொன்னாங்க. தலையைக் குனிஞ்சு சிரிச்சா, அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு வருஷம் பிந்திட்டோம்" என்றாள்.

"ஒரு வருஷமா? ஏழு வருஷம். முதல் அறைக்கு அஸ்திவாரம் தோண்டினப்பவே அந்தக் குழியையும் தோண்டியிருக்கணும்."

"எங்க யாருக்கும் தோணலையே."

"எனக்கு மட்டும் தோணுச்சா?" என்றாள் புர்கல். "தினம் அஞ்சு கக்கூஸ் கழுவினவ. ஆறு வருஷம் உங்க கூட்டத்துக்கு பீர் வச்சேன். அந்தப் பிள்ளைங்க எங்க போகும்னு ஒரு நாள் நினைச்சுப் பார்க்கல. சிஸ்டர் வந்து கதவை எண்ண வேண்டியிருந்துச்சு."

ரோஸ்வித்தா மேசையில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தாள்.

"பிள்ளை பிறந்ததுக்கப்புறம் படிக்க முடியுமான்னு சிஸ்டர் கேட்டுப் பார்க்கிறேன்னாங்க. புருஷன் விடணும். பள்ளிக்கூடத்துல தாய்மாரைச் சேர்க்க ஏற்பாடு எதுவும் கிடையாதாம். குழந்தையை வச்சுக்க இடம் வேணும், பார்த்துக்க ஒரு ஆள் வேணும்."

"அதை மேனேஜர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அடுத்த கட்டத்துல பார்க்கலாம்னாரு."

புர்கல் கடிகாரத்தைப் பார்த்தாள். பல் மருத்துவர் இரண்டு மணிக்குத் திறப்பார். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"பேரவை எப்ப கூடுது?"

"வியாழக்கிழமை" என்றாள் ரோஸ்வித்தா. "நீ வர முடியாதே புர்கல், நீ இப்ப அங்க வேலையில இல்ல."

"நான் எதுக்கு? நீதான் உறுப்பினர். நீ பேசு" என்று சொல்லிவிட்டு, புர்கல் எங்கள் இருவரையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் பேருந்துக்குக் கிளம்பினாள்.